வியாழக்கிழமை அழுத்தம்

"வலது பக்கம்! நிப்பாட்டுங்க!"

ஜஹானா போட்ட சத்தத்தில் பவாஸ் பிரேக்கை மிதித்தார். மிதித்த மிதியில் பின்னாலிருந்த பள்ளிப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். யாருடைய தண்ணீர்ப் போத்தலோ உருண்டு வந்து கியர் அடியில் முட்டி நின்றது. வேனின் மூக்கை உரசினாற்போல் ஒரு மோட்டார் சைக்கிள் ஆடி, சறுக்கி, எப்படியோ விழாமல் தப்பியது. ஓட்டியவன் தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிங்களத்தில் கேட்டான்:

"கண் குருடா உனக்கு?"

வழக்கமாக இப்படி ஒருவன் கேட்டால் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கிற ஆள் பவாஸ். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கேட்டவன் வசவாகத்தான் கேட்டான். அது வெறும் வசவு இல்லை என்பது அந்த வேனுக்குள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அலவத்துகொடையிலிருந்து கண்டி நகரத்துப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேன் அது. ஓட்டுபவர் பவாஸ். முன் இருக்கையில் இடது பக்கம் அவர் மனைவி ஜஹானா. பெண் பிள்ளைகள் வருகிற வேன், ஏற்றி இறக்க ஒரு பெண் துணை வேண்டும், அதனால்தான் அவளும் வருகிறாள் என்று ஊர் நம்பியது. ஊர் எதைத்தான் நம்பாது? பவாஸின் வலது கண் அவிந்து போய் வருடம் இரண்டு ஆகிறது. அந்தப் பக்கத்தை அவருக்குப் பதிலாகப் பார்ப்பதற்குத்தான் அவள் ஏறினாள். 'பைக் வருது', 'பஸ் ஒதுக்கிறான்', 'அந்த மனுசி குறுக்கால பாயப் போறா' என்று அக்குறணைக் கடைவீதி நெடுக மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வருவாள். பிள்ளைகள் அதை ஜஹானா மாமியின் பயந்தாங்கொள்ளித்தனம் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

கடைசிப் பிள்ளையையும் பாடசாலை வாசலில் இறக்கிவிட்ட பிறகு பவாஸ் வேனை ஓரமாக நிறுத்தினார்.

"அவன் எங்கேருந்து வந்தான்?"

"வலது கைப்பக்கம்தான். பாலத்தடியிலிருந்து கூடவே வந்தானே."

"நான் காணவே இல்ல ஜஹானா. கண்ணாடியிலயும் பாத்த. இல்ல." அவர் ஒரு கையைச் சுருட்டி இடது கண்ணுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். "இதுவும் இப்பிடி ஆகிட்டு. ஒரு குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரி. நடுவில மட்டும் தெரியுது. சுத்திவர ஒண்டுமில்ல."

ஜஹானா திரும்பிப் பின்னாலிருந்த வெற்று இருக்கைகளைப் பார்த்தாள். முழு வேன் பிள்ளைகள். யார் பெற்ற பிள்ளைகளோ.

"இனி ஏலா," என்றாள். "இண்டையோட விடுங்க."

பவாஸ் சாவியைக் கழற்றி அவள் மடியில் வைத்தார்.

* * *

குளுக்கோமா என்ற பெயரை அந்தக் குடும்பம் முதன்முதலில் கேட்டது ஒரு கண்ணாடிக் கடையில். வலியில்லை, சிவப்பில்லை, நீர் வடிதல் இல்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கரையிலிருந்து தின்றுகொண்டே வருகிற நோய். கண்டுபிடித்தபோது வலது கண் முக்கால்வாசி போயிருந்தது. இடது கண்ணுக்கு டொக்டர் கஜனி சொட்டு மருந்து எழுதினார். முதல் வருடம் மருந்து நன்றாகவே வேலை செய்தது; டொக்டரின் முகத்தில் சிரிப்பும் இருந்தது.

பிறகு வலது கண் முற்றாக அணைந்தது. அன்றைக்கு விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்த பவாஸ் மனைவியிடம் மட்டும் ஒரு விஷயம் சொன்னார். மிஞ்சின கண்ணை அல்லாஹ் காப்பாற்றித் தர வேண்டும். அதற்காக ஒவ்வொரு திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கப் போகிறேன். வெளியில் ஒருவருக்கும் சொல்லாதே. செய்கிற நல்ல அமலைச் சொல்லிக் காட்டினால் நன்மை போய்விடும்.

அவளும் சொல்லவில்லை. கெலிஓயாவில் கட்டிக்கொடுத்த மகள் நப்லாவுக்குக்கூடத் தெரியாது.

அதற்குப் பிறகுதான், ஏன் என்றே தெரியாமல், இடது கண்ணின் அழுத்தம் ஏறத் தொடங்கியது. கஜனி ஒரு போத்தல் மருந்தை இரண்டாக்கினார். இரண்டை மூன்றாக்கினார். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் முந்தின முறையைவிடக் கூட. சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது.

* * *

டொக்டர் கஜனி யாழ்ப்பாணத்துப் பெண்மணி. கண்டியில் மலைச்சரிவு ஒன்றில் இருக்கிற அந்தத் தனியார் வைத்தியசாலையில் அறுவைச் சிகிச்சைக்கு எந்த நாளும் வருவார். அழுத்த நோயாளிகளின் கிளினிக் மட்டும் வியாழக்கிழமை பின்னேரங்களில்.

வேனை விட்ட வாரத்து வியாழன், கருவியில் பவாஸின் மோவாயை வைத்துப் பார்த்தவர் உதட்டைக் கடித்தார். இன்னொரு தடவை அளந்தார்.

"ஐயா, பொய் சொல்லி ஆறுதல்படுத்த எனக்குத் தெரியாது. இருபத்தேழு. மூண்டு மருந்து போட்டும் இருபத்தேழு. இந்தக் கண்ணுக்கு அது பன்னிரண்டுக்குக் கீழ நிக்க வேணும். மருந்து தவறாமல் போடுறீங்கள்தானே?"

"ஒரு நாள் தவறினதில்ல டொக்டர்," என்றார் பவாஸ்.

"நான்தான் ஊத்திவிடுற, என்ட கையால," என்றாள் ஜஹானா. மனதறிந்து அவள் ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை.

கஜனி கதிரையை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப இனி ஒப்பரேஷன்தான். கவனமாக் கேளுங்கோ. கண்ணுக்குள்ள எந்த நேரமும் ஒரு தண்ணி ஊறிக்கொண்டிருக்கும். ஊறுற அளவுக்கு வடியவும் வேணும். உங்களுக்கு வடிகால் வாசல் திறந்துதான் கிடக்குது. உள்ளுக்கு இருக்கிற சல்லடைதான் அடைபட்டுப் போச்சு. இப்ப சின்ன வெட்டோட செய்யிற புது முறைகள் இருக்கு. ஒண்டு, ஒரு குட்டிக் குழாய். கண்ணால பாக்கிறதே கஷ்டம், அவ்வளவு சின்னன். உங்களுக்குக் கொஞ்சம் வெண்படலமும் இருக்கு. அதை எடுக்கிற நேரம் அதே வெட்டுக்குள்ளால போய்ச் சல்லடையில செருகி விடலாம். ஆபத்து மிகக் குறைவு. ஆனா கொஞ்சம்தான் இறக்கும். மருந்தும் பக்கத்தில நிண்டு உழைக்க வேணும்."

"மத்தது?" என்றார் பவாஸ்.

"குழாய் வைக்காமல் சல்லடையிலயே ஒரு கீலம் சீவி எடுக்கிறது. சில நாளைக்கு உள்ளுக்கு ரத்தம் கசிஞ்சு மங்கலா இருக்கும், பிறகு தெளிஞ்சிடும். இறக்கிறது கிட்டத்தட்ட அதே அளவுதான். மூண்டாவது, மெத்தெண்ட ஒரு குழாய். அது சல்லடையை விட்டுட்டுத் தண்ணியைக் கண்ணின்ர வெள்ளைக்கு மேல இருக்கிற மெல்லிய தோலுக்குக் கீழ கொண்டு வந்து விடும். கூட இறக்கும். ஆனா தழும்பு வளந்து வாயை மூடிப் போடும். ஊசியால திரும்பத் திரும்பக் கிளற வேண்டி வரும். ஒரு கண் மட்டும் இருக்கிற ஆளுக்கு அந்த நிச்சயமில்லாத விளையாட்டு எனக்குப் பிடிக்கேல்லை."

"பெரிய ஒப்பரேஷன் எண்டு முந்தி ஒண்டு சொன்னீங்களே, டொக்டர்?" என்று பவாஸே கேட்டார்.

"ஓம். பழைய முறை. கண்ணின்ர வெள்ளையில ஒரு சின்னக் கதவு வெட்டி விடுறது. நல்லா இறக்கும். மருந்தே தேவையில்லாமலும் போகலாம்." கஜனி கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா சில நேரம் அளவுக்கு மிஞ்சி இறக்கிப் போடும். ரத்தம் கசியலாம். நடுவில மிஞ்சியிருக்கிற பார்வை அப்பிடியே அணைஞ்சு போன ஆக்களும் இருக்கினம். கனபேர் இல்லை. ஆனா இருக்கினம்."

ஜஹானா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"டொக்டர், உங்கட வாப்பாட கண்ணெண்டா எதச் செய்வீங்க?"

"மருந்து வேலை செய்யிற கண்ணெண்டா குட்டிக் குழாயோட நிப்பாட்டுவன். யோசிக்கவே மாட்டன். ஆனா இந்தக் கண்ணில மருந்து தோத்துப் போச்சு, அம்மா. தோத்துப்போன மருந்தை நம்பி அந்தக் குழாயை வைச்சா, ஒரு வருசத்தில ஐயா இருட்டில இருப்பார். பெரிய ஒப்பரேஷன் செய்தா, பெரும்பாலும் காப்பாத்தலாம். வீட்டில கதைச்சுப் போட்டுச் சொல்லுங்கோ. கனநாள் எடுக்க வேண்டாம்."

* * *

திரும்பி வரும்போது அவர்களை ஏற்றி வந்தது ஜஹானாவின் மூத்த சகோதரர் அரூஸ் நானாவின் லொறி. அக்குறணையில் குழாய், தண்ணீர்த் தாங்கி, குளியலறைச் சாமான் விற்கிற மனிதர். கட்டுகஸ்தோட்டை தாண்டுகிறபோது பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லிற்று. ஜஹானா பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்துக் கணவரின் கையில் வைத்தாள்.

அரூஸ் நானா லொறியை ஓரங்கட்டிவிட்டு முழித்தார்.

"என்ன மச்சான், நோன்பா? ஒரு வார்த்த சொல்லல்லயே!"

"சொல்லுறதுக்கா நோன்பு புடிக்கிற?" என்றார் பவாஸ், தண்ணீரைக் குடித்துக்கொண்டே.

"அது சரி. நான் ஆஸ்பத்திரி வாசல்ல மூணு வடையத் திண்டுட்டு, உங்களுக்கு வேணுமா எண்டு வேற கேட்டேனே. எனக்குத்தான் பாவம்."

அந்த நாளில் சிரிப்பு வந்த ஒரே இடம் அது. சிரித்து முடிந்ததும் ஜஹானா மருந்துப் போத்தல்களை எடுத்தாள். லொறியின் இருக்கையிலேயே அவர் தலையைச் சாய்த்துக்கொள்ள, இடது கண்ணில் ஒவ்வொன்றாக விட்டாள். நோன்பு நாட்களில் அதுதான் அவர்கள் வழக்கம். கண்ணில் விட்ட மருந்து கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசக்கும். தொண்டைக்குள் ஒன்று இறங்கினால் நோன்பு இருக்குமா? இருக்காது என்று அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். விடியுமுன் சஹர் சாப்பிட எழும்பினால் வேன் ஓட்டும்போது கண்ணைச் சொக்கும் என்பதால் பவாஸ் முந்தின இரவுச் சாப்பாட்டோடே நாளைக்கு நோன்பு என்று நிய்யத் வைத்துப் படுத்துவிடுவார். நிய்யத் வைத்த பிறகும் மருந்து கிடையாது. மறுநாள் மஃரிபுக்குப் பிறகு மூன்றையும் சேர்த்து. அவர்களுக்கு அது தவறவிடுவது அல்ல. பேணுதல்.

* * *

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டில் கூட்டம் கூடியது. கூட்டம் என்றால் நாலு பேர். நப்லா கெலிஓயாவிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். இரவெல்லாம் போனில் படித்த கண்கள் சிவந்திருந்தன.

"உம்மா, குட்டிக் குழாய்தான். எத்தனையோ நாட்டில செய்றாங்க. மத்த நாளே வீட்டுக்கு வந்துடலாம். அந்தப் பெரிய ஒப்பரேஷனுக்கு எதுக்குப் போற? கண்ணே போனவங்க இரிக்கிறாங்க."

"இந்தா பாரு மவ," என்று அரூஸ் நானா குறுக்கே விழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குழாய்த் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஏதாவது ஒரு குழாய்த் துண்டு இருக்கும். "தண்ணித் தாங்கி நெறஞ்சு வழியுது. நீ அரை இஞ்சிக் குழாயப் போட்டு வடிக்கிறண்டா வடியுமா? ரெண்டு இஞ்சி வேணும். நான் கடையில தினமும் சொல்லுறது இதுதான்."

"மாமா, இது வாப்பாட கண். குளியலறை இல்ல."

"நான் என்ன, கண்ணுக்கு சீமெந்து பூசவா சொன்ன?"

பவாஸ் மேசையைத் தடவி அந்தக் குழாய்த் துண்டை எடுத்தார். இடது கண்ணுக்கு நேரே பிடித்து, அதன் ஓட்டைக்குள்ளால் மகளைத் தேடினார்.

"ரெண்டு பேரும் சண்ட புடிக்காதீங்க. இப்பவே எனக்கு இதுக்குள்ளால பாக்கிற பார்வதான் இரிக்கி. ஜஹானா, நீ சொல்லு. நீ சொல்றத நான் செய்ற."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவள். ஆனால் டொக்டர் சொன்னதில் ஒரு வாக்கியம் அவள் மண்டைக்குள் ஆணியாக இறங்கியிருந்தது. மருந்து வேலை செய்கிற கண்ணுக்குக் குட்டிக் குழாய். மருந்து தோற்ற கண்ணுக்குக் கதவு. மருந்தைத் தன் கையால் ஊற்றியவள் அவள். தோற்றதை ஒவ்வொரு வியாழனும் பக்கத்தில் நின்று பார்த்தவள். அப்படியிருக்க வேறென்ன சொல்வாள்?

"பெரிய ஒப்பரேஷன்," என்றாள்.

நப்லா அழத் தொடங்கினாள். அரூஸ் நானா குழாய்த் துண்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஜெயித்த மாதிரி முகம் இல்லை அவருக்கும்.

* * *

செவ்வாய்க்கிழமை செய்தார்கள். அடுத்த நாள் கட்டைக் கழற்றி அளந்தபோது ஒன்பது.

"ஒன்பதா!" கஜனி நீண்ட காலத்துக்குப் பிறகு சிரித்தார். "நல்லா வந்திருக்கு ஐயா. குனிய வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம். கதிரையில இருந்து தொழுங்கோ. கொஞ்ச நாள் இஞ்ச வைச்சுப் பாத்திட்டு அனுப்புறன்."

ஜஹானா அங்கேயே ஒரு மூலையில் நன்றிக்காக இரண்டு ரக்அத் ஷுக்ர் தொழுதாள். நப்லாவுக்குப் போன் போட்டு, "பாத்தியா? உன்ட போன்ல இது இல்லயே?" என்று குத்தலாக ஒரு வார்த்தையும் சொன்னாள். அந்தச் சந்தோஷத்துக்கு அத்தனை அவசரம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பவாஸ் கட்டிலில் சாய்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டிலிலிருந்து பஹிரவகந்தை மலையும், அதன் உச்சியில் வெள்ளைப் புத்தர் சிலையும் தெரியும். குழாய்ப் பார்வைக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தும் என்று காலையில்தான் சொல்லிச் சிரித்திருந்தார். திடீரென்று ஓர் இருமல் வந்தது. சாதாரண இருமல். இருமி முடிந்ததும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு முன்னால் சரிந்தார்.

"என்னங்க? என்ன செய்யுது?"

வலி தாங்காமல் பல்லைக் கடித்தவர், கொஞ்சம் பொறுத்துக் கையை எடுத்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"மல இல்ல ஜஹானா," என்றார். "செலயும் இல்ல."

அழுத்தம் அளவுக்கு மிஞ்சி இறங்கிவிட்டது. கண்ணின் பின்பக்கம் ஒரு நாளம் வெடித்து இரத்தம் பரவிவிட்டது. கஜனி ஓடி வந்தார். அன்றைக்கே மறுபடி அறைக்குள் கொண்டுபோனார்கள். தேங்கிய இரத்தத்தை எடுத்தார்கள். டோர்ச் வெளிச்சம் அடித்தால் அடிக்கிறது என்று மட்டும் பவாஸ் சொன்னார். எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

கனபேர் இல்லை, ஆனால் இருக்கிறார்கள் என்று டொக்டர் சொன்ன கூட்டத்தில் பவாஸும் சேர்ந்துவிட்டார்.

* * *

திங்கட்கிழமை காலை தாதி ஒருத்தி கஜனியைப் பார்த்து முறையிட்டாள்: நோயாளி மருந்து போட விடமாட்டேன் என்கிறார், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறார்.

கஜனி கட்டிலடிக்கு வந்தார். பவாஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். டொக்டரின் முகத்தில் கோபம் இல்லை, களைப்பு மட்டும். ஜஹானா எழுந்து அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

"குறையா நெனக்காதீங்க டொக்டர். அவர் நோன்பு. மஃரிபுக்குப் பிறகு எல்லாத்தயும் சேத்து நான் போட்டு விடுற. போன கிழமையும் ஒரு நாள் தாதிட்ட போத்தல வாங்கி வெச்சு அப்பிடித்தான் போட்ட."

"நோன்போ? இந்த நிலைமையிலயோ?" கஜனி தலையை ஆட்டினார். "அம்மா, பார்வை வருமெண்டு நான் பொய் சொல்லமாட்டன். ஆனா கிருமி தொத்தினா, முழியையே எடுக்க வேண்டி வரும். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மருந்து போகத்தான் வேணும். கண்ணில போடுற மருந்துக்கும் நோன்புக்கும் என்ன?"

"தொண்டையில இறங்குமே டொக்டர். நாங்க நோன்பு நாள்ல ஒரு நாளும் போடுறல்லயே."

கட்டில் பக்கம் திரும்பியிருந்த கஜனி நின்று அவளைப் பார்த்தார்.

"ஒரு நாளும் எண்டா?" கஜனியின் குரல் கீழே போயிருந்தது. "எந்த நாள்? றமழானிலயோ?"

"றமழான்லயும்தான். மத்தப்படி திங்களும் வியாழனும். வலது கண் போன நாள்லேருந்து, இந்தக் கண்ணுக்காக நேந்து புடிக்கிறார். முந்தின ராவே நிய்யத் வெச்சிடுவார். அதுக்குப் பிறகு மஃரிப் வரைக்கும் மருந்து..."

"வியாழன்," என்றார் கஜனி.

"ஓ, வியாழன்."

"என்ர கிளினிக் வியாழக்கிழமை."

வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். கஜனி சுவரில் சாய்ந்துகொண்டார்.

"முதல் வருசம் மருந்து வடிவா வேலை செய்தது. பிறகு ஏன் வேலை செய்யாமல் போச்சுதெண்டு நான் தலையைப் பிச்சுக்கொண்டு திரிஞ்சனான். புது மருந்து சேத்தன். அதுவும் இல்லை. அதுக்கு மேல இன்னொண்டு. நான் அளந்த ஒவ்வொரு நாளும் அவரின்ர கண்ணில மருந்தே இருக்கேல்லை. மருந்து தோக்கேல்லை அம்மா."

ஜஹானா நிமிர்ந்து டொக்டரைப் பார்த்தாள். மருந்து தோற்கவில்லை என்றால்? மருந்து வேலை செய்கிற கண் என்றால் எது என்று இந்த மனுசிதானே சொன்னார்? யோசிக்கவே மாட்டேன் என்று?

"அப்ப... அந்தக் குட்டிக் குழாய்?"

கஜனி, அதுவே போதியிருக்கும் என்பதுபோல் தலையாட்டினார்.

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பமே டொக்டர்!" என்றாள் ஜஹானா.

"கேட்டனான். தவறாமல் போடுறீங்களோ எண்டு ஒவ்வொரு முறையும் கேட்டனான்."

"தவறாமத்தானே டொக்டர் போட்டம்..."

கஜனி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஐயாவுக்கு நான் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுறீங்களோ?"

"நான் சொல்ற," என்றாள் ஜஹானா.

டொக்டர் போன பிறகு அவள் அரூஸ் நானாவுக்குப் போன் எடுத்தாள். மார்க்க விளக்கம் சொல்கிற பள்ளிவாசல் ஹஸ்ரத் அவருடைய கடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறவர். போனை வைக்காமல் காத்து நின்றாள். அரூஸ் நானா செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடப்பதும், சலாம் சொல்வதும், கேட்பதும் எல்லாம் காதில் விழுந்தது. பதிலும் விழுந்தது. ஹஸ்ரத் யோசிக்கக்கூட இல்லை.

"கண்ணுக்கு மருந்து போட்டா நோன்பு முறியாதாம்," என்றார் அரூஸ் நானா. "தொண்டையில கசந்தாலும் முறியாதாம். எப்பவும் போடலாமாம். இதக் கேக்கவா புள்ள போன் எடுத்த?"

"ஓ நானா," என்றாள். "இதக் கேக்கத்தான்."

இவ்வளவுதான். கடைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மனிதரிடம் ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்க அவர்களுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தோன்றாத அந்த இடத்தில் ஒரு கண் போயிருந்தது.

* * *

அவள் திரும்பி வந்தபோது பவாஸ் எழுந்து உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தத்தை வைத்து அவள்தான் என்று அறிந்துகொள்ள இரண்டு நாளிலேயே பழகிவிட்டார்.

"டொக்டருக்குக் கோவமா?"

"இல்ல."

"வா, இரி. ஒண்டு சொல்ற." கட்டிலின் விளிம்பைத் தட்டிக் காட்டினார். "படுத்த படுக்கையில இதயேதான் யோசிச்ச. என்னில என்ன குற எண்டு. எங்க பிழ விட்ட எண்டு. தேடித்தேடிப் பாத்த, ஜஹானா. ஒண்டுமே இல்ல. மருந்து ஒரு நாள் தவறல்ல. நோன்பு ஒரு நாள் தவறல்ல. டொக்டர் செய் எண்டத செஞ்ச. மனுசனால ஏலுமானதெல்லாம் செஞ்சாச்சு. மிச்சம் அல்லாஹ்ட நாட்டம். அத நெனக்கக்குள்ளதான் மனசு அடங்குது. இல்லாட்டி இந்த இருட்டுக்கு எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்."

ஜஹானா வாயைத் திறந்தாள். வராந்தாவிலிருந்து கட்டில் வரைக்கும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் நாக்கு நுனியில்தான் நின்றன. அவர் முகத்தைப் பார்த்தாள். மூன்று நாளாக அந்த முகத்தில் இல்லாத ஓர் அமைதி இப்போது வந்திருந்தது. அவருக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

தாதி கொடுத்திருந்த மருந்துப் போத்தலின் மூடியைத் திருகினாள்.

"கொஞ்சம் சாயுங்க. மருந்து போடணும்."

"நோன்பு, புள்ள."

"நானாட்ட சொல்லி ஹஸ்ரத்திட்ட கேட்ட. போடலாமாம்."

பவாஸின் புருவம் சுருங்கியது. கை அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"நோன்போடயா? போடலாமெண்டா... நாங்க முந்தியும் போட்டிருக்கலாமா?"

"இல்ல," என்றாள் ஜஹானா. குரல் நடுங்கவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாயிருந்தது. "ஒப்பரேஷன் செஞ்சவங்களுக்கு மட்டும்தானாம்."

"மட்டும்தானா? நல்லாக் கேட்டியா?"

"மட்டும்தான். நான் நல்லாக் கேட்ட."

பவாஸ் அவள் கையை விட்டார். பெருமூச்சு ஒன்று விட்டுத் தலையணையில் சாய்ந்தார்.

"அப்ப சரி. போடு," என்று சொல்லி, ஒன்றையும் காணாத கண்ணை அவளுக்காக அகலத் திறந்து வைத்துக்கொண்டார்.